அங்ககச் சான்று: வயலைப் பார்த்தவர் யார்?

வேதி உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றி விளைந்த அரிசியையும் மற்ற அரிசியையும் அருகருகே வைத்தால் கண்ணாலோ நாவாலோ பிரித்தறிய இயலாது. ஆய்வகத்தில் நஞ்செச்சம் இல்லை என்று தெரிந்தாலும், அந்த நிலம் எவ்வாறு பேணப்பட்டது என்பது அதனால் விளங்கிவிடாது. ஆகவே அங்ககச் சான்று, விளைபொருளைக் காட்டிலும் அதை விளைவித்த முறைக்கே உறுதி அளிக்கிறது. வயலில் நடந்ததைப் பார்த்தவர் யார், அவர் சொல்லை வாங்குபவர் ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே இச்சான்றின் வரலாறாக அமைந்துள்ளன.

முதல் விடை ஜெர்மனியில் எழுந்தது. இன்று போலந்தில் உள்ள கோபர்விட்ஸ் என்னும் ஊரில் 1924ஆம் ஆண்டு தத்துவவாதி ருடால்ப் ஸ்டைனர் ஆற்றிய சொற்பொழிவுகளை ஒட்டி உயிராற்றல் வேளாண்மை என்னும் முறை உருவானது. அதைப் பின்பற்றியோர் தம் விளைபொருளுக்கு ‘டிமீட்டர்’ என்னும் முத்திரையை 1928இல் பதிவு செய்தனர். கோள்களின் இயக்கத்தோடு பயிரை இணைத்த ஸ்டைனரின் கருத்துகளுக்கு அறிவியல் சான்று இல்லை. ஆயினும், எழுதி வைத்த விதியும் அதற்கு உட்பட்டோர் மட்டும் பயன்படுத்தும் முத்திரையும் என்ற ஏற்பாடு அக்கருத்துகளைக் கடந்து நிலைத்துவிட்டது.

இங்கிலாந்தில் 1946இல் தோன்றிய மண் சங்கம், இந்தூரில் வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்டு உருவாக்கிய மட்கு உர முறையால் ஊக்கம் பெற்றது. அந்த முறையோ இந்திய உழவரின் பட்டறிவுக்குப் பெரிதும் கடன்பட்டது. அச்சங்கம் தன் முதல் தரவிதிகளை வெளியிட்டது 1967இல்தான். பிரான்சின் வெர்சாயில் 1972இல் அங்கக வேளாண்மை இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு அமைந்தபின், நாட்டுக்கு நாடு வேறுபட்ட விதிகளை ஒப்பிடப் பொது அடிப்படை ஒன்று கிடைத்தது. உடல்நலம், சூழலியல், நேர்மை, அக்கறை என்னும் நான்கு கொள்கைகளை இக்கூட்டமைப்பு 2005இல் ஏற்றது. ஆனால் ஆய்வாளரின் படிவத்தில் எளிதாக அடங்குவது இடுபொருள்களின் பட்டியலே. கூலியாளுக்கு நேர்மை கிட்டியதா என்பது அவ்வளவு எளிதில் அதில் அடங்குவதில்லை.

அரசுகள் புகுந்ததும் சான்றின் இயல்பு மாறியது. ஐரோப்பியச் சமூகம் 1991இல் இயற்றிய ஒழுங்குமுறையின்படி, ஆய்வுக்கு உட்படாத எவரும் தம் விளைபொருளை அங்ககப் பொருள் என்று விற்க முடியாமல் போயிற்று. அமெரிக்காவில் 1990இல் சட்டம் வந்தும் விதிகள் வரத் தாமதமாயிற்று; 1997இல் வெளியான வரைவு, மரபணு மாற்றப் பயிர், கதிர்வீச்சு ஊட்டல், கழிவுநீர்ச் சேறு ஆகிய மூன்றுக்கும் இடம் விட்டிருந்ததால் 2,75,000க்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்து குவிந்தன, பெரும்பாலானவை எதிர்ப்பே. மூன்றும் விலக்கப்பட்ட பின்னரே 2000இல் இறுதி விதி வெளிவந்து, 2002இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. முத்திரையின் பொருளை வரையறுக்கும் உரிமை அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வரலாற்றில் இந்நிகழ்வைப் போலத் தெளிவாகக் காட்டியது வேறில்லை.

இந்தியாவின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம் வணிக அமைச்சகத்தின் கீழ், ஏற்றுமதியை முன்னிட்டுப் பிறந்தது. அதன் சாய்வு அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம். வேதிப்பொருளை நிறுத்திய நிலம் அங்கக நிலமாக ஏற்கப்படும்வரை காத்திருக்கும் மாறுகாலம், பக்கத்து வயலிலிருந்து மருந்து பரவாமல் காக்கும் இடைவெளி, ஆண்டுதோறும் ஆய்வு, இடைவிடாப் பதிவேடு ஆகிய அனைத்தையும் ஓர் ஏக்கர் உழவர் தனியே தாங்க இயலாது என்பதால், உழவர் பலர் சேர்ந்து உட்கட்டுப்பாட்டு அமைப்பை நடத்தி ஒரே சான்று பெறும் குழுச் சான்றுமுறை வேரூன்றியது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுத் துறையும் இச்சான்றை வழங்கி வருகிறது.

இதற்கு மாறாக, அயல் உழவரே ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி கூறும் பங்கேற்பு உத்தரவாத முறை பிரான்சிலும் பிரேசிலிலும் வளர்ந்து இந்தியாவுக்கும் வந்தது; இங்கு ஐந்து உழவர் சேர்ந்தாலே ஒரு குழுவாகலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறைகள் இரு சான்றுகளையும் ஏற்றதோடு, நுகர்வோரிடம் நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்குச் சான்றிலிருந்தே விலக்கும் அளித்தன. வெளிநாட்டுச் சந்தையில் நிலைமை வேறு: பங்கேற்புச் சான்றை மட்டும் கொண்டு இந்திய உழவர் அங்ககப் பொருளை ஏற்றுமதி செய்ய முடியாது, ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய ஒழுங்குமுறையோ குழுச் சான்றிலும் ஒரு குழுவுக்கு 2,000 உறுப்பினர் என்று உச்சவரம்பு விதித்துள்ளது.