கிண்டிக் காடும் இருளர் தடமும்

சென்னையில் ஆளுநர் மாளிகைக்கும் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும் நடுவே 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் எஞ்சியிருக்கும் கிண்டி தேசியப் பூங்கா, நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்று. 1821இல் அரசு விலைக்கு வாங்கி ஆளுநரின் ஊர்ப்புற மாளிகையோடு சேர்த்துப் பேணிய இந்நிலம் 1910இல் காப்புக்காடாக, அதாவது மரம் வெட்டுவதும் வேட்டையாடுவதும் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட காடாக, அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 505 ஹெக்டேர் பரந்திருந்தது. நினைவு மண்டபங்களும் கல்வி நிறுவனங்களும் பங்கிட்டுக்கொண்டது போக மிஞ்சியதே 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. மலைக்காடுகளைப் பற்றிய வேட்டை நூல்கள் பழக்கிவிட்ட யானையையும் புலியையும் இங்கே தேடுவோர் ஏமாறுவர். இது உலர் பசுமைமாறாக் காடு எனப்படும் வகை; கடலோரச் சமவெளியில், நீண்ட கோடையைத் தாங்கி, ஆண்டு முழுதும் இலை தரித்து நிற்கும் குட்டை மரங்களும் முட்புதர்களும் மிடைந்தது. ஆகவே இந்நிலத்தைக் கடந்த பழைய பயணிகளை அச்சுறுத்தியவை ஆறும் வெயிலும் பாம்புமே.

சென்னைக் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போவோர் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் வழியை மறித்த அந்த ஆற்றுக்கு 1726இல் பாலம் கட்டிக் கொடுத்தவர் அரசினர் அல்லர், கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர்; மலையுச்சித் தேவாலயத்துக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. பாலம் வந்ததனால் ஆறு அடங்கிவிட்டது என்று எண்ணிவிடலாகாது என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் அதே சைதாப்பேட்டையில் மெய்ப்பித்தது.

வெயிலின் கொடுமையைக் கணக்கிலேயே எழுதிவைத்தவர் வில்லியம் லாம்டன். இந்தியப் பெருநிலத்தை முக்கோணங்களாகப் பகுத்து அளக்கும் பணிக்கு முதலில் ஒரு நேர்கோட்டைப் பிழையின்றி அளந்தாக வேண்டும்; அடிக்கோடு எனப்படும் அதனை 1802 ஏப்ரல் 10 அன்று அவர் பரங்கிமலைப் பக்கம் தொடங்கிப் பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்கு அளந்தார். சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுசெல்லப்பட்டு ஏற்கப்படாமல் திரும்பிய நூறடி எஃகுச் சங்கிலியே அவருடைய கருவி. சித்திரைச் சூட்டில் எஃகு நீளும் என்பதால், சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் கொடுத்து, வெப்பமானி பார்த்து ஒவ்வொரு அளவையும் திருத்த வேண்டியிருந்தது.

பாம்பின் கதையோ வேறு. அதில் பயணிகளின் அச்சத்தைவிட உள்ளூர் மக்களின் அறிவே பெரிது. செங்கல்பட்டு வட்டாரத்தின் புதர்க்காடுகளில் வாழும் இருளர் பழங்குடியினர், புற்றின் வாயில் தேய்ந்த மண்ணையும் உரித்த சட்டையையும் எச்சத்தையும் பார்த்தே உள்ளே இருப்பது இன்ன பாம்பு என்று கூறக்கூடியவர்கள். நெடுங்காலம் இந்த அறிவுக்குக் கிடைத்த கூலி, தோல் வணிகர் கொடுத்த சில்லறைதான். பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் தொடங்கி 1972இல் கிண்டிக்கு மாற்றிய பாம்புப் பண்ணை இவர்களுடைய திறமையின்மேல் எழுந்தது. அதே ஆண்டு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த ஏற்றுமதித் தடையும் தோல் வணிகத்தை முடக்கியபோது, பாம்பை அழித்த சந்தையோடு பாம்பு பிடிப்போரின் பிழைப்பும் போயிற்று. சட்டம் இயற்றியோர் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, சவ்வு கட்டிய குடுவையைக் கடிக்கச் செய்து நஞ்செடுத்து, சில வாரங்களில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவது அதன் முறை. அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே நச்சுமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது.

இவ்வறிவு வேற்று நிலத்திலும் செல்லுமா என்பது 2017இல் சோதிக்கப்பட்டது. அமெரிக்காவின் புளோரிடாவில், 1947இல் திறக்கப்பட்ட எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவிலும் அதைச் சூழ்ந்த சதுப்புகளிலும், வளர்ப்புக்காகக் கொணரப்பட்டுத் தப்பியும் கைவிடப்பட்டும் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் முயல், ரக்கூன் முதலிய பாலூட்டிகளைப் பெரும்பாலும் தின்று தீர்த்திருந்தன. அங்கே அழைக்கப்பட்ட மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்கள், அந்நாட்டார் வழக்கமாக வண்டியில் சென்று தேடும் கரைச்சாலைகளை விட்டு அடர்ந்த புதருக்குள் நடந்தே புகுந்தனர். முன்பின் கண்டிராத நிலத்தில், பேச்சும் புரியாத இடத்தில், முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அவற்றுள் ஒன்று 16 அடி நீளப் பெண்பாம்பு. அவ்விருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.