கடாரத்து இளவரசர்

போடிநாயக்கனூரில் எங்கள் தெருவில் 'பினாங்குத் தாத்தா' என்று ஒருவர் இருந்தார். 1937-ஆம் ஆண்டில், தமது பதினேழாம் வயதில், ஒரு கங்காணியின் பின்னே போடியில் ரயிலேறி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயாவின் ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்குப் போனவர். முப்பத்து மூன்று ஆண்டுகள் பால்மரம் வெட்டிவிட்டு, 1970-இல் ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்தார். அப்பெட்டி மூடியின் உட்புறத்தில், செய்தித்தாளிலிருந்து கத்தரித்த படம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. மலாய்த் தொப்பியணிந்த ஒருவர் கையை உயர்த்தி நிற்கும் படம். "யார் தாத்தா இவர்?" என்று சிறுவனாகிய நான் கேட்டேன். "கடாரத்து ராசா மகன்" என்றார் அவர்.

கடாரம் என்றதும் மாணவ நேயர்களுக்கு இராசேந்திர சோழனின் நினைவு வரும். 1025-ஆம் ஆண்டை ஒட்டி அவனுடைய கப்பற்படை வென்ற கடாரமே இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம் என்பர் வரலாற்றறிஞர். படத்திலிருந்தவர் அந்தக் கெடாவின் சுல்தான் அப்துல் ஹமீது ஹலீம் ஷாவின் மக்களுள் ஒருவரான துங்கு அப்துல் ரகுமான். 'துங்கு' என்பது அரச குலத்தாருக்குரிய பட்டம். அரியணை அவருக்கு வரும் வரிசையில் இல்லை, நாடு வந்தது.

1903-இல் அலோர் ஸ்டாரில் பிறந்த அவரைப் பள்ளிக்கு அரண்மனைப் பணியாள் ஒருவர் தோளில் சுமந்து செல்வாராம். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். ஆயினும் படிப்பைவிடக் காரோட்டத்தில்தான் அவருக்கு நாட்டம் அதிகம். வழக்கறிஞர் தகுதியை எட்டியது 1949-இல், நாற்பத்தாறாம் வயதில். தேர்வில் தவறிய மாணவர் எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெற்றோரிடம் எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டாம்.

இடையில் கெடாவில் மாவட்ட அதிகாரியாகப் பணியாற்றினார். கோலா நெராங் என்னும் ஊரில் இருந்தபோது அவர் மனைவி மெரியம் மலேரியாக் காய்ச்சலில் இறந்தார். ஏலமலைச் சரிவில் குளிர்காய்ச்சலுக்கு மக்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அரண்மனைக்கும் லயத்துக்கும் கொசு வேற்றுமை பார்ப்பதில்லை.

அவர் அரசியலின் முன்வரிசைக்கு வந்தது 1951 ஆகஸ்டில். 1946-இல் ஆங்கிலேயர் சுல்தான்களின் உரிமையைப் பறித்து 'மலாயா யூனியன்' அமைத்தபோது, அதை எதிர்த்து எழுந்த மலாயர் கட்சி அம்னோ. அதன் தலைவர் டத்தோ ஓன் ஜாபர் கட்சியின் கதவை எல்லா இனத்தார்க்கும் திறக்க விரும்பினார். கட்சி இசையவில்லை, அவர் விலகினார். அவ்விடத்துக்குத்தான் துங்கு வந்தார். அப்படியானால் அவர் குறுகிய நோக்கினரா? நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். நிகழ்ந்ததோ வேறு. அவர் தம் கட்சியை மலாயர் கட்சியாகவே வைத்துக்கொண்டு, சீனர் சங்கத்தோடும், 1954 முதல் இந்தியர் காங்கிரஸோடும் கூட்டணி கட்டினார். அவரவர் வீட்டில் அவரவர் இருந்துகொண்டு, முற்றத்தைப் பொதுவாக்கிக்கொண்ட ஏற்பாடு அது.

1955-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் வாக்காளருள் நூற்றுக்கு 84 பேர் மலாயர். தோட்டத் தமிழருள் பெரும்பாலோர் குடிமக்களே அல்லர். ஆகையால் வாக்கும் இல்லை. அந்நிலையில் மொத்தம் 52 இடங்களுள் 17-ஐச் சீனருக்கும் இந்தியருக்கும் ஒதுக்கத் துங்கு துணிந்தார். அவர் கட்சியிலேயே முணுமுணுப்பு எழுந்தது. முடிவில் கூட்டணி 51 இடங்களை வென்றது. சுங்கை சிப்புட்டில் பிறந்து நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீ. தி. சம்பந்தன் தொழிலாளர் துறை அமைச்சரானார்.

அடுத்து எழுந்த கேள்விதான் பினாங்குத் தாத்தாவின் வாழ்வைத் தொட்டது. நாடு விடுதலை பெற்றால் அதன் மக்கள் யார்? அண்டை நாடாகிய இலங்கை 1948-இல் இக்கேள்விக்கு ஒரு விடை சொல்லியிருந்தது. அவ்விடையால் மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க நேர்ந்தது. மலாயாவிலோ 1957-இல் ஏறத்தாழ 7 இலட்சம் இந்தியர் இருந்தனர். அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

துங்குவும் அவர் தோழர்களும் கண்ட வழி ஒரு பேரம். மலாயரின் தனிச் சலுகைகளும் மலாய் மொழியின் தலைமையும் அரசியலமைப்பில் இடம்பெறும். மாற்றாக, விடுதலை நாளிலிருந்து அம்மண்ணில் பிறக்கும் குழந்தை குடியுரிமை பெறும். முன்பே அங்குப் பிறந்தவர் பதிவு செய்துகொள்ளலாம். முதல் ஓராண்டுக்கு அவர்களுக்கு மொழித் தேர்வும் இல்லை. வெளியிலிருந்து வந்து குடியேறியோர், பன்னிரண்டு ஆண்டில் எட்டாண்டு வாழ்ந்து, ஓரளவு மலாய் அறிந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். (பிறப்பினாற் பெறும் உரிமை 1962-இல் சற்றுச் சுருக்கப்பட்டது.) இது முழுச் சமத்துவம் அன்று, ஆனால் இலங்கை மூடிய கதவை இவ்விளவரசர் பாதியேனும் திறந்து வைத்தார்.

1957 ஆகஸ்டு 31 அன்று கோலாலம்பூரில் 'மெர்டேக்கா' என்று ஏழு முறை முழங்கினார். விடுதலை என்பது அச்சொல்லின் பொருள். தாத்தாவின் பெட்டியிலிருந்தது அந்தப் படமே.

1962-இல் சீனப் படை நம் எல்லையைக் கடந்தபோது, துங்கு தம் நாட்டில் மக்களாட்சிக் காப்பு நிதி ஒன்று திரட்டி இந்தியாவின் பக்கம் நின்றார். 1963-இல் சிங்கப்பூரும் சபாவும் சரவாக்கும் சேர்ந்து மலேசியா பிறந்தது; இரண்டே ஆண்டில் சிங்கப்பூர் பிரிந்தது.

1969 மே 13-இல் தலைநகரில் மூண்ட இனக்கலவரம் அவர் கட்டியதை உலுக்கிவிட்டது. பிற இனத்தாருக்கு அதிகம் விட்டுக்கொடுத்தார் என்று மலாயர் சிலர் குற்றஞ்சாட்டினர். போதிய அளவு கொடுக்கவில்லை என்று மற்றவர் மனங்குமைந்தனர். இருவர் சொல்லிலும் ஓரளவு உண்மை உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. 1970 செப்டம்பர் 22-இல் பதவி துறந்தார். அதற்கு முதல் நாள்தான் கெடா சுல்தானாகிய அவர் அண்ணன் மகன் பேரரசராயிருந்தார். சிற்றப்பன் பிரதமராகவும் மகன் முறையினர் பேரரசராகவும் இருப்பது முறையன்று என்பதும் அவர் கருத்து. 1990-இல் மறைந்தார்.

அதே ஆண்டுகளில் இன்னொரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்பது அது. சீட்டுக் கிடைக்காத பல்லாயிரம் தோட்டத் தமிழர் கப்பலேறினர். அவர்களுள் ஒருவர் பினாங்குத் தாத்தா.

"தாத்தா, நீங்கள் ஏன் பதிந்துகொள்ளவில்லை?" என்று கல்லூரியில் படிக்கும்போது கேட்டேன். 1957-இல் அவர் இருபதாண்டு அங்கு வாழ்ந்தவர். மலாய் நன்றாகப் பேசுவார். சற்று நேரம் வாளாவிருந்தார். "இன்னிக்கில்லாட்டி நாளைக்கு ஊருக்குத்தானே போகப்போறோம், அந்தக் கடுதாசி எதுக்குன்னு இருந்துட்டேன் தம்பி. கூட வேலை பார்த்தவங்க எழுதிக்கிட்டாங்க. அவங்க பிள்ளைக அங்கதான் இருக்கு" என்றார். இளவரசர் மீது அவருக்கு வருத்தம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. படம் மூடியிலேயே இருந்தது.

திரும்பி வந்தபின் அவர் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப் புறப்படும். வளைவுகள் ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் அப்பக்கம் நின்றுவிட்டன. ஆயினும் ஏலக்காய் பறிக்கும் கைகள் இப்பக்கத்திலிருந்தே சென்றன, இன்றும் செல்கின்றன. சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திச் சரக்கைப் பார்ப்பார்கள்; ஆளை யாரும் கேட்பதில்லை. ஒருமுறை விடுமுறையில் நானும் அவரோடு போனேன். சாவடி நெருங்கியதும் தாத்தாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அதில் வெற்றிலைப் பொட்டலம்தான் இருந்தது. வண்டி நகர்ந்தபின் கையை எடுத்துக்கொண்டார்.