மணலில் எழுதிய விரல்

கி.பி. 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் ஜெர்மானிய இளைஞர் இருவர் தரங்கம்பாடிக் கரையில் வந்திறங்கினர். டென்மார்க்கு மன்னன் நான்காம் பிரடெரிக்கு, கிறித்துவின் நற்செய்தியைத் தமிழரிடையே பரப்ப அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிச் புளூட்சாவும் அவர்கள். மன்னனின் ஆணை கையில் இருந்தும், மன்னனின் கொடி பறந்த ஊரில் அவர்களை வரவேற்பார் இல்லை. கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் அவர்களை மணிக்கணக்கில் காக்க வைத்தார். வாணிகம் செய்ய வந்த டேனியக் கும்பனிக்குச் சமயப் பணி வேண்டாத சுமையாகத் தோன்றியது. சமயத்தின் பெயரால் ஊரில் சலசலப்பு எழுந்தால் ஊதியம் கெடும் என்பது கும்பனியாரின் கணக்கு.

துணிவு சீகன்பால்குவுக்கு இயல்பாக வாய்த்திருந்தது. ஆனால் தொடக்க நாள்களில் அத்துணிவு பக்குவப்படவில்லை. தரங்கம்பாடியை அடுத்த கோயில் ஒன்றில் மண்ணுருவங்கள் சிலவற்றை அவர் உடைத்தெறிந்தார். அவற்றுக்கு ஆற்றல் இல்லை எனக் காட்டுவதே நோக்கம். அங்கு வந்த தமிழாசிரியர் ஒருவர், அவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்கள் மட்டுமே என்றும், அறிவுடையோர் அவற்றை அவ்வாறே கொள்வர் என்றும் விளக்கினார். தான் உடைத்தது இன்னதென்று அறியாமலே உடைத்த கை அது. இச்செய்தியை மறைக்காமல் ஐரோப்பாவுக்கு எழுதியவரும் சீகன்பால்குவே.

அக்கை பின்னர் வேறொன்று செய்தது. தமிழ்ச் சிறுவர்களோடு திண்ணைப் பள்ளியில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகியது. இரண்டே ஆண்டுகளில் தமிழ்ச் சுவடிகளைத் தேடித் திரட்டி, நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புகளுடன் 1708இல் ஓர் அட்டவணை வகுத்தார் சீகன்பால்கு. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். மாற்ற வந்தவர் முதலில் மாணவரானார்.

அவ்வாண்டு அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே கோட்டைச் சிறை அவரை விழுங்கியது. கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் அவள் பக்கம் நின்று பேசியதால் மூண்ட பூசல் அது. ஆட்சியை எதிர்க்கத் தூண்டுகிறார் எனக் குற்றம் சுமத்திய ஹாசியுஸ், டேன்ஸ்போர்க் கோட்டையில் ஏறத்தாழ நான்கு மாதம் அவரை அடைத்து வைத்தார். முதலில் தாளும் மையும்கூட மறுக்கப்பட்டன. 1709 மார்ச்சில் வெளிவந்தவர், விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711 மார்ச்சில் முடித்தார். 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது தரங்கம்பாடியிலேயே அச்சாயிற்று. அவரைச் சிறையிட்டவர் தமிழர் அல்லர். அவரது சமயத்தையே சார்ந்த ஐரோப்பியர் என்பது கருதத்தக்கது.

தமிழர் மறுத்ததும் உண்டு. ஆனால் அவர்கள் மறுத்தது சொல்லால். 1712 முதல் 1714 வரை தமிழ் அறிஞர்களுக்கு வினாக்கள் அனுப்பி விடை கேட்டார் சீகன்பால்கு. ஐரோப்பியரின் குடிப்பழக்கமும் ஒழுக்கக் கேடும் அவர்களது சமயத்தின்மேல் மதிப்புத் தோன்றாமல் செய்கின்றன என்ற இடித்துரையும் அவ்விடைகளில் இருந்தது. தம் பணிக்கே இடையூறு எனக் கருதி அதனை அவர் ஒதுக்கிவிடவில்லை. ஜெர்மனில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கு அவை அச்சேறின. தம்மை மறுப்பவரின் குரலைத் தம் நாட்டார் செவிக்குக் கொண்டு சேர்ப்பதும் துணிவின் ஒரு கூறே.

அத்துணிவுக்கு வந்த எதிர்ப்பு சிறையினும் நுண்ணியது. தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு வரலாற்றை விரிவாக எழுதி 1713இல் ஹாலேக்கு அனுப்பினார். அவரை உருவாக்கிய பெரியார் பிராங்கே அதனை அச்சிட மறுத்தார். பிற சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என்பது அவர் கருத்து. அந்நூல் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கையெழுத்துப் படியாகவே உறங்கி, 1867இல் சென்னையில் அச்சு வடிவம் பெற்றது. கும்பனியார் அவரைப் பேசவேண்டாம் என்றனர்; அனுப்பியவர்களோ, கேட்டதைச் சொல்லவேண்டாம் என்றனர். இரண்டுக்கும் அவர் இணங்கவில்லை.

தம் நம்பிக்கையில் அவர் தளர்ந்தார் என்று இதற்குப் பொருள் இல்லை. கிறித்துவே மெய்வழி என்பதில் இறுதிவரை அவர் உறுதியாக நின்றார். தமிழரின் வழிபாடு பிழையென்றே இறுதிவரை எழுதினார். இன்று அதனை ஏற்போரும் மறுப்போரும் இருப்பர். ஆயினும் ஒருவரை மறுக்குமுன் அவருடைய நூலைப் படிக்க வேண்டும், அவருடைய மொழியில் அவரிடம் பேச வேண்டும் என்னும் நெறியை அவர் கைக்கொண்டார். அந்நெறி கருத்து வேற்றுமைகளைக் கடந்தது.

1718இல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தை எழுப்பினார். கோபன்ஹேகனிலிருந்து வந்த கடிதங்களோ, கட்டடங்கள் எதற்கு என அவரைக் கடிந்தன. உடல் நலிந்த அவர், 1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில் மறைந்தார். அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்து ஆகமம் வரை வந்து நின்றிருந்தது. எஞ்சியதைப் பின்வந்தோர் முடித்தனர்.

எதிர்ப்புக்கு அஞ்சாமல் உரைப்பது அருஞ்செயல். உரைக்கும் மொழியை எழுத்தெழுத்தாகக் கற்று, கேட்பவரின் மறுமொழிக்கும் இடங்கொடுத்து உரைப்பது அதனினும் அரியது. உருவங்களை உடைத்த நாளில் சீகன்பால்குவைத் தமிழுலகம் அறியவில்லை. அவர் நினைக்கப்படுவது, மணலில் எழுதிய விரலால்.