சில்லறைச் சந்தாவும் செங்கல் வீடும்: ஆங்கிலேயக் கட்டடச் சங்கங்களின் வரலாறு

நிலத்தில் முதலிடுவதற்குக் கைநிறையப் பணமும் தலைமுறைப் பழக்கமும் வேண்டும் என்னும் எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. நிலம் பிரபுக்குடும்பங்களிடம் குவிந்திருந்தது. வங்கிகள் வணிகர்களுக்குக் குறுகிய காலக் கடனே கொடுத்தன. வழக்கறிஞர்கள் வழியாக அடமானக் கடன் பெற்றவர்களும் முன்பே சொத்துடையவர்களாகவே இருந்தனர். பட்டறையில் பொத்தானும் பூட்டும் செய்து வாரக்கூலி பெற்ற கைவினைஞர் ஒருவர் தம் பெயரில் ஒரு மனையை வாங்குவதற்கு அன்றைய சட்டத்தில் தடை எதுவும் இல்லை, ஆனால் வழியும் இல்லை. அந்த வழி பர்மிங்காம் நகரத்து மதுவிடுதிகளில் திறந்தது.

இன்று அறியப்படும் முதல் கட்டடச் சங்கம், 1775ஆம் ஆண்டளவில், அந்நகரின் ஸ்னோ ஹில் பகுதியிலிருந்த 'கோல்டன் கிராஸ்' விடுதியில், அதன் உரிமையாளர் ரிச்சர்ட் கெட்லியின் பெயரில் இயங்கியது. உறுப்பினர்கள் மாதந்தோறும் கூடிக் குறித்த சந்தாவைச் செலுத்தினர். தவறியவரிடம் அபராதம் வாங்கப்பட்டது. சேர்ந்த பணத்தில் மனை பிடித்து வீடு எழுப்பி, அது யாருக்கு என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தனர். வீடு பெற்றவர் அதன் பின்னும் சந்தாவை நிறுத்த முடியாது; கடைசி உறுப்பினருக்கும் வீடு கிடைத்த நாளில் சங்கம் கலைந்தது. இவ்வாறு தன் முடிவைத் தானே குறித்துக்கொண்டு பிறந்ததால் இவ்வகை 'முடிவுறு சங்கம்' எனப்பட்டது. தமிழகத்துக் குலுக்குச் சீட்டை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்கவே வேண்டியதில்லை. அங்கே சீட்டுப் பணமாகக் கைக்கு வருவது இங்கே செங்கல்லாக வந்தது என்பதே வேறுபாடு. விடுதிக்காரர் இதற்கு இடங்கொடுத்தது தருமத்துக்காக மட்டும் என்று கொள்ள வேண்டியதில்லை, கூடிய உறுப்பினர்கள் குடிக்காமல் எழுந்து போவது அரிது.

லங்காஷயரில் பிரெஸ்டன் நகருக்கு அருகிலுள்ள லாங்ரிட்ஜில் 1793இல் தொடங்கிய ஒரு சங்கம் கட்டிய இருபது வீடுகள் 'கிளப் ரோ' என்னும் பெயரில் இன்றும் நிற்கின்றன. இத்தகைய சங்கங்களில் சேர்ந்தவர் எல்லாரும் சொந்தக் கூரைக்காக மட்டும் சேர்ந்தவர்கள் அல்லர். ஒன்றுக்கு மேற்பட்ட பங்குகளை எடுத்து, ஒரு வீட்டில் குடியிருந்து மற்றவற்றை வாடகைக்கு விட்டவர்களும் உண்டு. முதல் உலகப்போருக்கு முன் ஆங்கிலேயக் குடும்பங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது வாடகை வீட்டிலேயே வாழ்ந்ததால், இரண்டு வீட்டு வாடகை என்பது ஓய்வூதியம் இல்லாத காலத்தில் முதுமைக்கு வைத்த நம்பகமான சேமிப்பாக இருந்தது. முதலீட்டு அனுபவம் இல்லாதவர்களின் குறையை ஈடுசெய்தது ஒருவரையொருவர் அறிந்திருந்த நெருக்கமே ஆகும். மனையின் மண்ணைப் பற்றிக் கொத்தனாரும், கூரை மரத்தைப் பற்றித் தச்சரும், சந்தா கட்டாதவரின் உண்மை நிலையைப் பற்றி அண்டை வீட்டாரும் கூட்டத்திலேயே சொல்லிவிடக்கூடிய அளவுக்குச் சங்கம் சிறியதாக இருந்தது.

எனினும் இவ்வமைப்பில் ஒரு குறை தொடக்கத்திலிருந்தே இருந்தது. நடுவில் சேர விரும்புபவர் அதுவரையிலான சந்தா முழுவதையும் ஒரே தவணையில் கட்ட வேண்டியிருந்தமையால், கையில் பணம் குறைந்தவருக்கே கதவு அடைபட்டது. 1836ஆம் ஆண்டுச் சட்டம் இச்சங்கங்களுக்கு முறையான அங்கீகாரம் அளித்தபின், 1840களில் தோன்றிய 'நிரந்தரச் சங்கம்' இக்குறையைத் தீர்த்தது. இதில் சேமிப்பவரும் கடன் பெறுபவரும் வெவ்வேறு ஆட்கள். யாரும் எப்போதும் சேரலாம், எடுத்துக்கொண்டு விலகலாம். சங்கத்துக்கு முடிவு நாள் கிடையாது. சென்னையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நிதிகள் என்னும் பரஸ்பர சேமிப்பு அமைப்புகள் தோன்றி, உறுப்பினரிடமே பணம் வாங்கி உறுப்பினருக்கே கடன் கொடுத்தன. 1872இல் நிறுவப்பட்ட மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு இவ்வகையில் புகழ்பெற்றது.

இதே காலத்தில் சிறுமனைக்கு அரசியல் மதிப்பு ஒன்றும் வந்து சேர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங், அதாவது இரண்டு பவுண்டு, வருமானம் தரக்கூடிய முழுவுரிமை நிலம் வைத்திருந்த ஆணுக்குக் கவுன்ட்டித் தொகுதியில் வாக்குரிமை உண்டு. முழுவுரிமை நிலம் என்பது, காலம் முடிந்ததும் நிலக்கிழாரிடம் திரும்பிப் போகும் நீண்டகாலக் குத்தகை மனையைப் போலன்றி, வாங்கியவருக்கும் அவர் வாரிசுகளுக்குமே உரியதாக நிலைப்பது. மதுவிலக்குப் பிரச்சாரகரான ஜேம்ஸ் டெய்லர் பர்மிங்காமில் 1847இல் தொடங்கிய முழுவுரிமை நிலச் சங்கம், பெரிய நிலப்பரப்பை மொத்த விலைக்கு வாங்கி, தெருவும் வடிகாலும் வகுத்து, மனைகளாகப் பிரித்து, அடக்க விலையிலேயே உறுப்பினர்களுக்குத் தவணையில் வழங்கியது. மதுவிடுதியில் பிறந்த ஒரு வழக்கத்தை மதுவிலக்குக்காரர் கையிலெடுத்து வளர்த்ததை வரலாற்றின் குறும்பு எனலாம். தானியச் சட்ட எதிர்ப்பில் பெயர்பெற்ற ரிச்சர்ட் காப்டனும் ஜான் பிரைட்டும் இதில் பெரும் வாய்ப்பைக் கண்டு, 1849இல் தேசிய முழுவுரிமை நிலச் சங்கம் உருவாகத் துணைநின்றனர். அதன் நிலக் கொள்முதல் வேலைக்கென 1856இல் அமைந்த பிரிட்டிஷ் லேண்ட் கம்பெனி இன்றும் இயங்கும் பெரிய நில நிறுவனங்களுள் ஒன்றாகும். மனைகளைப் பெற்றவர்களுள் கூலித்தொழிலாளர்கள் எதிர்பார்த்த அளவு இல்லை. கடைக்காரரும் எழுத்தரும் திறன்மிக்க கைவினைஞருமே மிகுந்திருந்தனர். 1884ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் கவுன்ட்டிகளிலும் குடும்பத் தலைவர்களுக்கு வாக்குரிமை அளித்தபின், வாக்குக்காக மனை வாங்கும் தேவை பெருமளவு மறைந்தது. தவணையில் மனை வாங்கும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

சங்கங்கள் வளர வளர, அவற்றைக் காத்த நெருக்கம் தளர்ந்தது. 1868இல் தொடங்கப்பட்ட லிபரேட்டர் கட்டடச் சங்கம், திருச்சபைப் போதகர்களையே முகவர்களாகக் கொண்டு நாடெங்கும் சிறுசேமிப்பாளரின் பணத்தைத் திரட்டியது. அப்பணத்தில் பெரும்பகுதி சிறு வீடுகளுக்குக் கடனாகப் போகாமல், சங்கத்தை நடத்திய நாடாளுமன்ற உறுப்பினர் ஜேபஸ் பால்ஃபர் தொடர்புடைய நில நிறுவனங்களின் ஊகவணிகத்துக்குப் போனது. 1892இல் சங்கம் வீழ்ந்தது. அர்ஜென்டினாவுக்குத் தப்பிய பால்ஃபர் மீட்டுக் கொண்டுவரப்பட்டு, 1895இல் பதினான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். இடையில் வந்த 1894ஆம் ஆண்டுச் சட்டம் கணக்குகளை வெளிப்படையாகக் காட்டக் கட்டாயப்படுத்தியதோடு, புதிதாகத் தோன்றும் சங்கங்கள் குலுக்கல் மூலம் கடன் வழங்குவதையும் தடைசெய்தது. மோசடிக்குக் காரணம் குலுக்கல் அன்று என்பதையும், அறிமுகமில்லாதவர் பணத்தை அறிமுகமில்லாதவர் கையாண்டதே என்பதையும் சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருந்தனரா என்பது ஐயத்துக்குரியது.

இருபதாம் நூற்றாண்டில், குறிப்பாக இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில், ஆங்கிலேய நகரங்களின் புறநகர்கள் விரிந்ததற்குப் பணம் கொடுத்தவை இச்சங்கங்களே. தேசிய நிலச் சங்கத்தின் வழிவந்த சங்கமும் அபே ரோடு சங்கமும் 1944இல் இணைந்து அபே நேஷனல் ஆயின. 1986ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினருடைமையைத் துறந்து பங்கு நிறுவனமாக மாற அனுமதித்தபோது, 1989இல் முதலில் மாறியது அதுவே. 2004இல் ஸ்பெயினின் சாந்தாந்தர் வங்கி அதை வாங்கியது. அச்சட்டத்தின்கீழ் பங்குச்சந்தைக்குச் சென்ற கட்டடச் சங்கங்களில் ஒன்றுகூட இன்று தனித்த நிறுவனமாக இல்லை. உறுப்பினருடைமையை விடாதவற்றுள் நேஷன்வைடு உள்ளிட்ட சில இன்னும் வீட்டுக்கடன் வழங்கி வருகின்றன.