இரணவிலவின் வானலைக் கோபுரங்கள்

கொழும்பில் 2013 முதல் நடந்துவரும் 'கொழும்பஸ்கோப்' கலைவிழா, 2016 இல் இலத்திரனியல் பண்பாட்டைத் தன் கருப்பொருளாகக் கொண்டது. தெற்காசியக் கலைஞரும் ஐரோப்பியக் கலைஞரும் திரைகளையும் ஒலிக்கருவிகளையும் கொண்டு படைப்புகளை முன்வைத்தனர். தொழில்நுட்பம் யாருக்குப் பயன்படுகிறது, யாரைக் கைவிடுகிறது என்பது இத்தகைய விழாக்களில் தவறாமல் எழும் கேள்வி. அதே 2016 இல், சிலாபத்துக்குச் சற்றுத் தெற்கே, புத்தளம் மாவட்டத்து மீனவக் கிராமமான இரணவிலவில் 'வொய்ஸ் ஒப் அமெரிக்கா' தனது அஞ்சல் நிலையத்தை மூடியது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தவர் அதிகம் இருந்திருக்கமாட்டார்கள்.

இக்கதை ஏகலையில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேசநாட்டுப் படையினருக்காக நிறுவப்பட்ட வானொலியே பின்னர் இலங்கை வானொலியின் வலிமைக்கு அடித்தளமாயிற்று. 1951 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அமெரிக்கா ஒலிபரப்பிகளை வழங்கியது. பதிலுக்கு ஒலிபரப்பு நேரத்தைப் பெற்றது. 1952 இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, தமிழகத்து வீடுகள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பின. பனிப்போர்க் கருவிகள் வளர்த்த வானொலியில்தான் நம்மவர் பாட்டுக் கேட்டனர் என்பது வரலாற்றின் குறும்பு.

1983 இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு அமெரிக்காவுடன் புதிய உடன்படிக்கைக்கு வந்தது. ஏறத்தாழ நானூறு ஏக்கர் கடலோர நிலம் இதற்கென ஒதுக்கப்பட்டது. புதுடில்லி கலவரமடைந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களோடு தொடர்புகொள்ளவே இந்நிலையம் என்று இந்தியப் பத்திரிகைகள் எழுதின. 1987 ஜூலை 29 இல் கைச்சாத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கையை நாம் மாகாணசபைகளுக்காகவும் அமைதிப்படைக்காகவும் நினைவுகொள்கிறோம். அதனுடன் பரிமாறப்பட்ட கடிதங்களை ஊன்றி வாசிப்போர் குறைவு. வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களின் வசதிகள் இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படாதவாறு உடன்படிக்கைகள் மீளாய்வு செய்யப்படும் என்று அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது.

டில்லியின் அச்சத்துக்குக் கடிதத்தில் இடம் கிடைத்தது. இரணவில மக்களின் அச்சத்துக்கு அப்படியொரு கடிதம் எழுதப்படவில்லை. பெரும்பாலும் கத்தோலிக்கரான இக்கரையோர மக்களின் முன்னோரில் பலர் தமிழ் பேசியவர்கள். கல்விமொழி மாறியதால் பேரப்பிள்ளைகள் சிங்களம் பேசுகிறார்கள். (வடக்கே உடப்பில் தமிழ் இன்றும் வாழ்கிறது.) நிலம் போகும், கரைக்குச் செல்லும் வழி அடைபடும், அலைவீச்சால் நோய் வரும் என்று அவர்கள் அஞ்சினர். 1990களின் முற்பகுதியில் குருமாரும் சேர்ந்து போராடினர். ஆயினும் கோபுரங்கள் எழுந்தன. அந்தப் பத்தாண்டு முடியும் காலத்தில் நிலையம் இயங்கத் தொடங்கியது.

சிற்றலையின் இயல்பை இங்கு சொல்லவேண்டும். அது வானின் அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான மைல்களுக்கப்பால் இறங்குகிறது. இடைப்பட்ட பெரும்பரப்பைத் தாண்டிவிடுகிறது. இரணவிலவிலிருந்து புறப்பட்ட குரல் ஆசியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் ஆபிரிக்காவுக்கும் உரியது. நிலம் கொடுத்தவர்களுக்காக அது பேசவில்லை.

செய்மதியும் இணையமும் பரவியதும் சிற்றலையின் தேவை சுருங்கியது. வந்தவர்கள் போனார்கள். ஆனால் அதற்குள் அதே மாவட்டத்தின் வடபகுதியில், கற்பிட்டிக் குடாநாட்டில், வேறொன்று எழுந்துவிட்டது. தலவில அன்னம்மாள் தேவாலயத்துக்கு அண்மையில் அமையவிருந்ததால் கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் எதிர்த்த நுரைச்சோலை அனல்மின் நிலையம், சீனக் கடனில் உருவாகி, 2011 இல் முதல் அலகை இயக்கியது. 2014 இல் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயின. 2016 இல் கொழும்புக் காட்சிக்கூடத்துத் திரைகள் ஒளிர்ந்தபோது, நாட்டின் மின்வலையில் ஓடிய மின்சாரத்தில் கணிசமான பங்கு இந்த நிலக்கரியினுடையது. சாம்பல் மட்டும் நுரைச்சோலையைவிட்டுப் போகவில்லை. அயலிலுள்ள வெங்காயத் தோட்டக்காரரிடம் கேட்டால் சொல்வார்கள்.

2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், கொழும்பின் குப்பைக்கும் இதே மாவட்டத்தில்தான் இடம் பார்க்கப்பட்டது. அருவக்காட்டின் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பள்ளங்கள் தெரிவாயின. புத்தளம் மக்கள் 2018 இல் தொடங்கி நூறு நாள்களுக்கும் மேலாக அறப்போராட்டம் நடத்தினார்கள். 2019 ஆகஸ்டில் முதல் லொறிகள் வந்து சேர்ந்தன.