வீடும் பள்ளியும்

வகுப்பில் ஒரு குழந்தை மனங்கலங்கி அடம்பிடித்தால் குற்றம் யாருடையது? ஆசிரியர் வீட்டைக் குறை கூறுவார். பெற்றோர் பள்ளியைக் குறை கூறுவர். இடையில் நின்று வாடுவது குழந்தையே. இந்தப் பழிகூறலை விலக்கி வெற்றி கண்ட ஒரு முயற்சியின் வரலாற்றை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்னும் நகரம் உள்ளது. அங்குள்ள ஏல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையம், 1968-ஆம் ஆண்டில் இரண்டு தொடக்கப் பள்ளிகளோடு இணைந்து இப்பணியைத் தொடங்கியது. தலைமை தாங்கியவர் ஜேம்ஸ் கோமர் என்னும் மனநல மருத்துவர். அப்பள்ளிகளில் பயின்றோர் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள். கல்வித் தரத்தில் அவை நகரின் கடைசி வரிசையில் இருந்தன.

கோமரும் எளிய குடும்பத்திலே பிறந்தவர்தாம். தந்தை எஃகு ஆலைத் தொழிலாளி. தாய் மேகி, பிறர் இல்லங்களில் வேலை செய்தவர். இரண்டாண்டுக் கல்விகூட முழுமையாகப் பெறாதவர். எனினும் தம் மக்களைக் கல்லூரி வரை படிக்கவைத்தார். கோமரோடு வளர்ந்த அறிவுள்ள நண்பர்கள் சிலரோ வாழ்வில் வீழ்ந்தனர். அறிவு குறைவில்லை, பின் ஏன் இந்த வேறுபாடு? இவ்வினாவே அவரை மனநல மருத்துவத்தின்பால் ஈர்த்தது.

ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். தென்மாநிலச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த சிறுவன் ஒருவனை உறவினர் பள்ளியில் சேர்த்துவிட்டுச் சென்றார். அறிமுகமற்ற வகுப்பு, புதிய முகங்கள். அஞ்சிய சிறுவன் ஆசிரியரை உதைத்துவிட்டு வெளியே ஓடினான். தண்டிப்பதே வழக்கம். ஆனால் அது தீய குணமன்று, அச்சமே என்பதை மனநலக் குழுவினர் ஆசிரியர்க்கு உணர்த்தினர். அதன்பின், புதிதாக வரும் பிள்ளைகளை அன்போடு வரவேற்றுப் பழக்கும் முறை ஏற்பட்டது.

ஆயினும் மருத்துவர் மட்டும் செய்யக்கூடிய பணியன்று இது. தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர், பிற பணியாளர் ஆகியோர் கூடிய குழு ஒன்று பள்ளியின் திட்டங்களை வகுத்தது. அதற்கு மூன்று விதிகள். யார்மீதும் பழி சுமத்தலாகாது. வாக்கெடுப்பால் தோற்றவர், வென்றவர் எனப் பிரியாமல், பேசியே உடன்பாடு காணவேண்டும். தலைமையாசிரியர் குழுவைப் புறக்கணிக்கலாகாது. குழுவும் அவர் கைகளைக் கட்டிவிடலாகாது. பெற்றோர் வகுப்பறைகளில் உதவினர். விழாக்களை முன்னின்று நடத்தினர். தன் தாயும் ஆசிரியரும் நட்போடு உரையாடுவதைக் காணும் குழந்தைக்குப் பள்ளி அயலிடமாகத் தோன்றுமா?

பயன் உடனே கிட்டவில்லை. முதலாண்டு பெருங்குழப்பத்தில் கழிந்தது, பெற்றோர் சினந்தனர். பொறுமையே கைகொடுத்தது. 1984-இல், இத்திட்டம் நடைபெற்ற இரு பள்ளிகளின் நான்காம் வகுப்பு மாணவர்கள், அடிப்படைத் திறன் தேர்வில் நகரத்திலேயே மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றனர். அக்குடும்பங்களின் வறுமை நீங்கியதால் வந்த வெற்றியன்று இது. வறுமை இருந்தபடியே இருந்தது. மாறியது வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலிருந்த உறவே.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை ஆசிரியராவீர்கள், பெற்றோராவீர்கள். கலங்கி நிற்கும் குழந்தையைக் காணும்போது, "குற்றம் யாருடையது?" என்று கேளாதீர்கள். "இதற்கு நாம் கூடிச் செய்யத்தக்கது யாது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில்தான் குழந்தையின் உளநலம் தொடங்குகிறது.