மூன்று மைல் சொச்சம்

கொருக்குப்பேட்டையில் கோக்ரேன் பேசின் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. லாரிகள் ஓயாத சாலை. அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ கூப்பிடுகிறவர்களுக்குக் கோக்ரேன் யார் என்ற கவலை கிடையாது. பேசின் எங்கே என்று கேட்டால் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் பக்கம் கை காட்டுவார்கள். இரண்டு பெயரும் ஒரே கால்வாய் விட்டுப்போனவை.

பேசில் கோக்ரேன் ஸ்காட்லாந்துப் பிரபு வீட்டுப் பிள்ளை. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் மெட்ராஸுக்கு வந்தவர், பிரிட்டிஷ் கடற்படைக்கு உணவுச் சாமான் சப்ளை செய்யும் கான்ட்ராக்டில் பெரும் பணம் சேர்த்தார். ஊர் திரும்பிய பிறகு லண்டனில் நீராவிக் குளியல் நிலையம் வைத்தார் என்பது உபகதை. இங்கிலாந்துக்கு ‘ஷாம்பூ’வைக் கொண்டுபோன பாட்னாக்காரர் ஷேக் தீன் முகமது கொஞ்ச காலம் அவரிடம்தான் வேலை பார்த்தார். தண்ணீரில் காசு பார்க்கத் தெரிந்த மனிதர் கோக்ரேன். 1806ல் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை சுமார் பதினோரு மைலுக்கு ஒரு கால்வாய் திறக்கப்பட்டது. அதில் போகிற படகுகளிடம் சுங்கம் வாங்கும் உரிமை கோக்ரேனுக்கு. ஊர் அதைக் கோக்ரேன் கால்வாய் என்றே எழுபது வருடம் அழைத்தது.

தண்டையார்பேட்டையைத் தொட்டு, திருவொற்றியூருக்கு மேற்கே ஒதுங்கி, எண்ணூர்க் கழிமுகத்தில் போய் விழும் அந்தக் கால்வாயில் உப்பு வந்தது. விறகு வந்தது, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் வந்தது. சென்ட்ரலுக்குப் பின்புறம் சால்ட் கோட்டர்ஸ் என்று ரயில்வேக்காரர்கள் சொல்லும் இடம் அந்த உப்பு இறங்கிய கொட்டாரம்தான். பட்டணத்தின் அடுப்பு எரிந்ததற்கும் சுவர் வெள்ளையானதற்கும் வடக்கிலிருந்து வந்த படகுகள் ஒரு முக்கியக் காரணம்.

1837ல் சர்க்கார் கால்வாயை எடுத்துக்கொண்டு, பழவேற்காடு ஏரிக்கு அப்பாலும் நீட்டும் வேலையில் இறங்கியது. அதே 1837ல் சாமுவேல் டே என்பவர் மெட்ராஸுக்குக் குடிவந்தார். அமெரிக்க பாப்திஸ்து மிஷனரி. முந்தைய வருடம் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தவர். தெலுங்கர்களிடையே வேலை செய்வதற்காக அனுப்பப்பட்டவர். மெட்ராஸில் தெலுங்கர்கள் நிறையப் பேர் இருந்ததால் மூன்று வருடம் இங்கே தங்கிப் பார்த்தார். தெலுங்கு தேசத்துக்கு நடுவில் போய் உட்காராமல் காரியம் நடக்காது என்று முடிவு கட்டி, 1840ல் நெல்லூருக்குப் போய்விட்டார்.

பாப்திஸ்துகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைக்கு நெற்றியில் தண்ணீர் தெளிப்பதை அவர்கள் ஞானஸ்நானமாக ஏற்பதில்லை. விவரம் தெரிந்த வயதில், தானே வாய் திறந்து விசுவாசத்தைச் சொல்லி, தலை மூழ்கத் தண்ணீரில் இறங்கி எழ வேண்டும். தகப்பன் கிறிஸ்தவன் என்பதால் மகன் கிறிஸ்தவன் ஆகிவிடமாட்டான். அதனால் இந்தச் சபைக்கு எங்கே போனாலும் இரண்டு தேவை: தானே தீர்மானிக்கிற ஆள், ஆழமான தண்ணீர்.

நெல்லூரில் முதலாவது கிடைக்கவில்லை. கால் நூற்றாண்டு ஆகியும் சபையில் சேர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் திரும்பத் திரும்ப விவாதித்தார்கள். 1853ல் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், மிஷன் நிலையங்களைக் குறித்த வரைபடத்தில் தெலுங்கு நாட்டுக்கு ஒற்றை நட்சத்திரம்தான் இருக்கிறது என்று யாரோ சொல்ல, சாமுவேல் ஸ்மித் என்ற பாடலாசிரியர் அதை வைத்தே ஒரு கவிதை எழுதிக் கூட்டத்தின் மனதை மாற்றிவிட்டார். மூடும் தீர்மானம் தள்ளிப்போனது. ‘ஒற்றை நட்சத்திர மிஷன்’ என்ற பெயர் நிலைத்தது.

1865ல் வந்து சேர்ந்தார் ஜான் கிளஃப். பாதிரியார் ஆவதற்கு முன்னால் மின்னசோட்டா எல்லைக் காடுகளில் சங்கிலி பிடித்து நிலம் அளந்த சர்வேயர். இந்த ஒரு தகவல் பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது. 1866ல் எர்ரகுண்ட்ல பேரய்யா என்பவர் ஞானஸ்நானம் பெற்றார். மாதிகா சாதிக்காரர், தோல் வியாபாரத்துக்காக வடக்கே சுற்றிய இடங்களில் புதிய மதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர். செருப்பும் கவலைத் தோலும் தைக்கிற சனத்தின் சேரிகளில் பேரய்யா நடந்து நடந்து பேசினார். ஓங்கோலில் 1867 ஜனவரி 1 அன்று எட்டுப் பேருடன் சபை ஆரம்பித்தது.

சேரியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியதும் மேல்சாதி வீட்டுப் பிள்ளைகள் கிளஃபின் பள்ளிக்கூடத்தை விட்டு விலகினார்கள். இவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றது ஊர். கிளஃப் என்ன செய்வது என்று தெரியாமல் பைபிளைத் திறந்தாராம். உலகம் மதிக்காதவர்களையே கடவுள் தெரிந்துகொண்டார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பகுதி வந்ததாம். அடுத்த அறையில் மனைவியும் அதே நேரத்தில் அதே பகுதியைத் திறந்திருந்தாராம். மிஷனரிக் கதைகளில் வேதப்புத்தகம் எப்போதும் சரியான பக்கத்தில்தான் திறக்கும், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் கிளஃப் ஊரை விட்டுவிட்டுச் சேரியைப் பிடித்துக்கொண்டார் என்பது கதையல்ல, நடந்தது.

பிறகு தாது வருஷம் வந்தது. 1876ல் பருவமழை பொய்த்து, 1878 வரை நீண்ட பஞ்சம். சென்னை ராஜதானியிலும் தக்காணத்திலுமாக ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாகக் குவிந்திருக்க, பட்டணத்துக்குள் பட்டினிக் கூட்டம் வந்து விழுந்தது. ராயபுரம் பக்கம் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றும் வழக்கம் 1782 பஞ்சத்திலேயே தொடங்கியது. அதை ஒட்டி எழுந்த ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

சர்க்கார் சும்மா சோறு போட விரும்பவில்லை. வேலை செய்தால் கூலி. அந்தக் கூலியையும் குறைக்க வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். இதைத் தின்று மண் வெட்டினால் மனிதன் சாவான் என்று ராஜதானியின் சுகாதார ஆணையர் கார்னிஷ் பகிரங்கமாக எதிர்த்தார். அந்த வாதத்துக்கு நடுவில்தான் கோக்ரேன் கால்வாயின் மறுபிறப்பு. நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் எட்டு கிலோமீட்டர் துண்டை வெட்டினார்கள். வடக்கே, கிருஷ்ணா டெல்டாக் கால்வாய்களோடு மெட்ராஸ் கால்வாய் சேர முடியாமல் விடுபட்டுக் கிடந்த இடங்களை வெட்டினார்கள். முடிந்ததும் கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரைச் சூட்டினார்கள். பசியில் வெட்டியவர்களின் பெயரைக் கால்வாய்க்கு வைக்கும் வழக்கம் எந்த நாட்டிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஓங்கோல் பக்கத்தில் அந்தக் கால்வாயின் மூன்று மைல் சொச்சத்தை வெட்டித் தருவதாகக் கான்ட்ராக்ட் எடுத்தவர் பழைய சர்வேயர் கிளஃப்.

ஏன் எடுத்தார் என்பதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. மற்ற வேலைத்தளங்களில் மேஸ்திரிகள் மேல்சாதிக்காரர்கள். மாதிகாக்கள் அங்கே போனால் விரட்டப்பட்டார்கள். விரட்டப்படாத இடத்தில் அளவில் ஏமாற்றப்பட்டார்கள். குழியை அளக்கிறவன் கோலை எப்படி வைக்கிறான் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் இரவுச் சாப்பாடு இருந்தது. கிளஃப் தன் பங்குக்கு, தன் உபதேசிமார்களையே மேற்பார்வைக்குப் போட்டார். பெரும்பாலும் மாதிகா சாதியிலேயே பிறந்தவர்கள். ராஜுபாலெம் என்ற இடத்தில் பனையோலைக் குடிசைகள் போட்டு முகாம். மண்ணைக் கணக்காக அளந்து கூலியைக் கையில் கொடுத்தார்கள். சேதி காட்டுத்தீயாகப் பரவி, சுற்றுவட்டத்துச் சேரிகள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. வேலைக்கு நடுவில் உட்கார்ந்து இளைப்பாறும் நேரத்திலும் சாயங்காலத்திலும் உபதேசிகள் வேதம் சொன்னார்கள்.

எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டபோது கிளஃப் மறுத்துவிட்டார். பஞ்ச நிவாரணம் நடக்கும் வரை ஒருவருக்கும் ஞானஸ்நானம் கிடையாது என்று பதினைந்து மாதம் போலக் கதவைச் சாத்தினார். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியும். வரத்தான் செய்தது, இன்னும் வருகிறது.

நிவாரணப் பணம் தீர்ந்து, இனி கொடுக்க ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் அவர்கள் போகவில்லை. 1878 ஜூலையில், ஓங்கோலுக்கு வடக்கே வெல்லம்பள்ளியில், குண்டலகம்மா ஆற்றில் இறங்கினார்கள். ஜூலை 2 அன்று 614 பேர், மறுநாள் 2,222 பேர், அதற்கும் மறுநாள் 700 பேர்: மூன்று நாளில் 3,536. ஆறு தெலுங்குப் போதகர்கள், இருவர் இருவராக முறை மாற்றி நின்று, விசுவாசத்தைக் கேட்டு, பெயர் சொல்லி மூழ்கடித்து எழுப்பினார்கள். கிளஃப் தண்ணீரில் இறங்கவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. ஒற்றை நட்சத்திரம் என்று பரிதாபப்பட்ட மிஷனின் ஓங்கோல் சபை, சில வருடங்களில் உலகத்திலேயே பெரிய பாப்திஸ்து சபை என்று எழுதப்பட்டது.

சோற்றுக்கு மாறினார்கள் என்பவர்களும், பரிசுத்த ஆவியின் அற்புதம் என்பவர்களும் இந்த மூன்று மைலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் எண்ணம். சோறுதான் காரணமென்றால் கஞ்சித்தொட்டிகள் எல்லாம் சபைகளாகியிருக்க வேண்டும். ராஜுபாலெத்தில் கிடைத்தது கஞ்சி அல்ல, கூலி. அதை அளந்த கோல் தன் சாதிக்காரன் கையில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக மற்றவர் அளந்து போட்டதை வாங்கிக்கொண்டிருந்த சனத்துக்கு அந்தக் காட்சி எந்தப் பிரசங்கத்தை விடவும் தெளிவாகப் பேசியிருக்கும். கிளஃப் நல்ல பிரசங்கிதான். அவர் நல்ல சர்வேயர் என்பது அதைவிட முக்கியம்.

அதே 1878ல், நெல்லூரில் முப்பது வருடம் காத்துக்கிடந்த லைமன் ஜுவட், மெட்ராஸுக்கு இடம் மாறினார். டே விட்டுப்போன வேலையை நாற்பது வருடம் கழித்து எடுத்துக்கொண்டார். 1881ல் நார்மன் வாட்டர்பரியும் மனைவி லூசியும் வந்தார்கள். ஐந்தே வருடத்தில் நார்மன் இங்கே இறந்துபோனார். லூசி குழந்தைகளோடு அமெரிக்கா திரும்பினார். பின்னாளில் லூசி பீபடி என்ற பெயரில், 1920களின் தொடக்கத்தில், ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்கு அவர் பெரும் நிதி திரட்டினார்; அவற்றில் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் வேலூர் மருத்துவக் கல்லூரியும் அடக்கம்.

கால்வாயின் நல்ல காலம் இருபது வருடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. 1899ல் விஜயவாடா ரயில் பாதை மெட்ராஸைத் தொட்டதும் சரக்கும் ஆளும் தண்டவாளத்துக்கு மாறின. ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். நெல்லூர், ஓங்கோல், குண்டூர்ப் பக்கங்களிலிருந்து மாதிகாக்களும், அவர்களைப் போலவே ஒதுக்கப்பட்ட மாலா சாதியினரும் பட்டணத்துக்கு வந்தார்கள். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் கூலி வேலை கிடைத்தது. மாநகராட்சி அவர்களுக்கென்றே ஒரு வேலை வைத்திருந்தது: தெருக் கூட்டுவது, மலம் அள்ளுவது, பிறகு பாதாளச் சாக்கடையில் இறங்குவது. காகிதத்தில் ஆதி ஆந்திரர் என்று பெயர். அவர்கள் குடியேறிய வடசென்னைக் குடியிருப்புகளில், ஞாயிற்றுக்கிழமை காலையில் தெலுங்கில் பாட்டு கேட்டால் அது பாப்திஸ்து சபையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தெருவில் தமிழ், வீட்டில் தெலுங்கு, ஆராதனையில் கண்டிப்பாகத் தெலுங்கு. மூன்றாம் தலைமுறைக்குத் தெலுங்கு எழுத்துத் தெரியாது என்று போதகர்கள் குறைப்படுவதும் உண்டு.

சட்டம் இன்னொரு கோல் வைத்து அளந்தது. 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956ல் சீக்கியர்களுக்கும் 1990ல் பௌத்தர்களுக்கும் விலக்குக் கிடைத்தது. கிறிஸ்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. சாக்கடைக்குள் இறங்கும்போது எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால் கேட்கிறார்கள். இந்தச் சபைகளின் உண்மையான எண்ணிக்கையைச் சர்க்கார் பதிவேட்டில் தேடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

1965லும் 1966லும் அடித்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. அதற்குள் மணலியும் எண்ணூரும் தொழிற்பேட்டைகள் ஆகிக்கொண்டிருந்தன; நகரத்தின் கழிவு, ஆலைகளின் கழிவு, அனல் மின் நிலையச் சாம்பல் எல்லாவற்றுக்கும் வழி அந்தப் பக்கம்தான். 2008ல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான நீர்வழியை, இந்தக் கால்வாயையும் சேர்த்து, நான்காவது தேசிய நீர்வழியாக அறிவித்தார்கள். கால்வாய்க்குப் படகு வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கி எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் கறுப்பாகப் படிந்தது. மீனவர்கள் வாளியும் முறமும் வைத்து எண்ணெயை அள்ளினார்கள்.

முழுக்கு ஞானஸ்நானத்துக்கு ஆழத்தண்ணீர் வேண்டும் என்ற விதி மாறவில்லை. கால்வாய்க்கரைச் சபைகள் அந்தத் தண்ணீரை நினைத்தும் பார்க்க முடியாது. கடலுக்குப் போகிறவர்கள் உண்டு. மற்றபடி ஆலயத்துக்குள்ளேயே படி இறங்கும்படி தொட்டி கட்டி, மெட்ரோ வாட்டர் வருகிற நாள் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.